கூட்டு வாசிப்புச் சவாலுக்கு நூல்களைத் தேர்ந்தெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டு முழுவதும் இணையவழியில் சேர்ந்து படிக்கும் வாசிப்புச் சவாலுக்கு நூல்களைத் திட்டமிடும்போது, புதிய ஒருங்கிணைப்பாளர்களும் உறுப்பினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தந்திருக்கிறோம். மாதம் ஒரு நூலை எடுத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ அன்றாடம் கருத்துகளைப் பகிர்ந்து, மாதக் கடைசியில் காணொளியில் கூடிப் பேசும் தமிழ் வாசகர் குழுவை மனத்தில் வைத்தே இவை எழுதப்பட்டுள்ளன.

சிறந்த நூல் என்று பெயர் பெற்ற எதையும் பட்டியலில் சேர்த்துவிடலாம் அல்லவா?

சேர்க்கலாம், ஆனால் சிறப்பு மட்டும் போதாது. தனியாகப் படிப்பவருக்கு நூல் பிடித்திருந்தால் போதும். குழுவுக்கோ இன்னும் இரண்டு தேவைகள் உண்டு. சென்னையில் இருப்பவருக்கும் யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கும் கோலாலம்பூரில் இருப்பவருக்கும் அந்த நூல் ஒரே காலத்தில் கைக்குக் கிடைக்க வேண்டும். படித்து முடித்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அதில் இடம் இருக்க வேண்டும். எல்லாரும் ஒரே குரலில் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடும் நூலைவிட, பாதிப் பேர் ஏற்று, பாதிப் பேர் மறுத்து வாதிடும் நூலே மாத இறுதிக் கூட்டத்தை உயிரோடு வைத்திருக்கும்.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ ஓரிரு நாளில் படித்துவிடக்கூடிய சிறு நாவல்தான். ஆனால் குழாயில் நீர் வராத தெருவில் ஜமுனாவும் சாயாவும் படும் பாட்டைப் படித்தவர்கள், தங்கள் வீட்டில் யார் தண்ணீர் பிடித்தார்கள், அதற்காக எந்நேரத்தில் எழுந்தார்கள், லாரி வந்ததும் வரிசை எப்படிக் கலைந்தது என்று நினைவுகளைச் சொல்லத் தொடங்கி, தம்மை அறியாமலே ஜமுனாவின் வாழ்க்கையைப் பற்றிய சூடான விவாதத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். குழு வாசிப்புக்கு நூலைப் பரிந்துரைக்கிறவர் முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது, ‘இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச முடியுமா?’ என்பதுதான்.

பட்டியலை எப்போது முடிவு செய்ய வேண்டும்?

சவால் ஜனவரியில் தொடங்குவதானால், டிசம்பர் முதல் வாரத்துக்குள் குறைந்தது முதல் ஆறு மாதங்களுக்கான நூல்களையாவது அறிவித்துவிட வேண்டும். இதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர்கள் மற்றும் பதிப்பாளர்கள் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சி 1977 முதல் நடந்துவருகிறது. அது பெரும்பாலும் பொங்கலை ஒட்டிய நாள்களில் அமைகிறது. வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடியோடு, எல்லாப் பதிப்பகங்களின் நூல்களையும் ஒரே இடத்தில் வாங்க முடிகிற வாய்ப்பு அது. பட்டியல் முன்பே கையில் இருந்தால், காட்சிக்குப் போகும் உறுப்பினர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களுக்கும் சேர்த்து வாங்கி அனுப்பிவிடலாம். ஜனவரிக்குரிய நூலை மட்டும், அந்தக் காட்சியை நம்பாமல் எளிதில் கிடைப்பதாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின் ஆறு மாதங்களுக்கான பட்டியலை ஜூனில் அறிவித்தால், ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குச் செல்பவர்களுக்கும் இதே வசதி கிட்டும்.

மாதத்துக்கு எத்தனை பக்கம் என்று கணக்கு வைக்கலாம்?

வேலைக்குப் போய்வந்து, வீட்டுப் பொறுப்புகளையும் பார்த்துக்கொண்டு படிக்கிறவரால் நாளொன்றுக்கு 15 பக்கம் படிக்க முடியும் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 450 பக்கம் வரும். ஆனால் படிக்க முடியாத நாள்களும் பேசுவதற்கு வேண்டிய நாள்களும் இருப்பதால், 300 பக்கத்தை ஒட்டியே திட்டமிடுவது நல்லது. பொதுத் தேர்வுகள் நடக்கும் மார்ச், ஏப்ரலிலும் தீபாவளி வரும் மாதத்திலும் அதிலும் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ போன்ற குறுநாவல்களுக்குரிய மாதங்கள் அவைதாம். பன்னிரண்டு மாதங்களுக்கும் பன்னிரண்டு கனமான நாவல்களை அடுக்கிய பட்டியல் பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கும். சித்திரை பிறப்பதற்குள் குழுவில் பாதிப் பேர் மௌனமாகிவிடுவார்கள்.

‘பொன்னியின் செல்வன்’ போன்ற பெரிய நூல்களை எப்படிப் பிரிப்பது?

பக்கங்களைக் கொண்டு பிரிக்காதீர்கள். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால் ‘பொன்னியின் செல்வன்’ பல பதிப்பகங்களால் பல அளவுகளில் அச்சிடப்பட்டிருக்கிறது. ஒருவரிடம் உள்ள நூலின் 200ஆம் பக்கம் இன்னொருவரிடம் 240ஆம் பக்கமாக இருக்கும். கிண்டிலில் படிக்கிறவருக்குப் பக்க எண்ணே பயன்படாது. அத்தியாயம்தான் எல்லாருக்கும் பொதுவான அளவு.

இந்த நாவலின் ஐந்து பாகங்களிலும் முறையே 57, 53, 46, 46, 91 என மொத்தம் 293 அத்தியாயங்கள் இருக்கின்றன. புதிய ஒருங்கிணைப்பாளர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஐந்து பாகம் என்றதும் பாகத்துக்குப் பத்து வாரம் என்று சமமாகப் பிரித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மூன்றாம், நான்காம் பாகங்களில் வாரத்துக்கு ஐந்து அத்தியாயம்கூட வராமல் ஓட்டம் தளர்ந்துபோகும். ஐந்தாம் பாகத்திலோ வாரத்துக்கு ஒன்பது அத்தியாயங்கள் வந்து, களைத்திருக்கும் வாசகரின் தலையில் விழும். மாறாக, பாகங்களை மறந்துவிட்டு வாரத்துக்கு ஆறு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் 49 வாரங்களில் நாவல் முடிந்துவிடும். ஆண்டில் மூன்று வாரம் மிச்சமும் இருக்கும். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த நாவல் என்பதால் அத்தியாயங்கள் பெரும்பாலும் அடுத்தது என்ன என்ற ஆவலைக் கிளப்பியே முடிகின்றன. ஆகவே எந்த இடத்தில் வாரத்தை நிறுத்தினாலும் பேசுவதற்குப் பொருள் இருக்கும்.

இத்தகைய நெடுநாவலை எடுத்துக்கொள்ளும் ஆண்டில், அதையே மாத நூலாகவும் வைக்காமல், தனி இழையாக ஓடவிட்டு, விரும்புகிறவர்கள் மட்டும் சேர்ந்துகொள்ளும்படி அமைப்பது எங்களுக்குச் சரியாகப் படுகிறது. ஏற்கெனவே படித்தவர்கள் பலர் இருப்பார்கள்; அவர்கள் வாயைக் கட்டிக்கொண்டு ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

சாகித்திய அகாதமி விருது பெற்ற நூல்களை வரிசையாகப் படிக்கலாமா?

பலரும் முதலில் எண்ணுவது இதைத்தான். விருதுப் பட்டியல் நல்ல வழிகாட்டி. ஆனால் அதை அப்படியே வாசிப்புப் பட்டியலாக்கினால் சில சிக்கல்கள் வரும். கி. ராஜநாராயணனுக்கு 1991இல் விருது பெற்றுத் தந்தது ‘கோபல்லபுரத்து மக்கள்’. அது ‘கோபல்ல கிராமம்’ நாவலின் தொடர்ச்சி. விருதைப் பார்த்து நூலை எடுத்தால், முதல் நாவலைப் படிக்காத உறுப்பினர்கள் இரண்டாவதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். தி. ஜானகிராமனுக்கு 1979இல் விருது கிடைத்தது ‘சக்தி வைத்தியம்’ என்ற சிறுகதைத் தொகுப்புக்கு. அவரை ‘மோகமுள்’ வழியாகவோ ‘அம்மா வந்தாள்’ வழியாகவோ அறிந்துகொள்ள விரும்பும் குழுவுக்கு விருதுப் பட்டியல் உதவாது. பூமணிக்கு 2014இல் விருது பெற்றுத் தந்த ‘அஞ்ஞாடி’ ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். அதே பூமணியின் ‘வெக்கை’ கச்சிதமான நாவல். கொலை செய்துவிட்டு அப்பாவோடு காட்டிலும் மேட்டிலும் பதுங்கித் திரியும் பதின்வயதுச் சிறுவனைப் பின்தொடர்வது. ‘அசுரன்’ திரைப்படத்துக்கு மூலம் என்பதால் புதிய வாசகர்களும் ஆர்வத்தோடு எடுப்பார்கள். படத்தில் இல்லாதது நாவலில் என்ன இருக்கிறது என்ற கேள்வி ஒன்றே ஒரு மாதப் பேச்சுக்குப் போதும். ஆகவே விருதுப் பட்டியலிலிருந்து எழுத்தாளரை எடுத்துக்கொள்ளுங்கள். நூலை உங்கள் குழுவின் நிலையறிந்து தேர்ந்தெடுங்கள்.

பன்னிரண்டு நூல்களுக்கிடையே ஏதேனும் தொடர்பு இருக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனாலும் இருந்தால் அந்த ஆண்டுக்கே தனி அழகு வந்துவிடும். காலவரிசை, ஒரே எழுத்தாளர், பெண் எழுத்தாளர்கள், சிறுபான்மைச் சமூகங்களின் வாழ்வு என்று பல அச்சுகளைக் கொள்ளலாம். அவற்றுள் நாங்கள் மிகவும் விரும்புவது நிலத்தை அச்சாகக் கொண்ட ஆண்டு. ஐந்திணை என்ற பழைய ஏற்பாட்டைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டு நாவல்களை அதில் பொருத்திப் பார்ப்பது வியக்கத்தக்க அளவுக்குப் பலன் தருகிறது.

குறிஞ்சிக்கு, நீலகிரிப் படகர் வாழ்வைச் சொல்லும் ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ பெயரிலேயே பொருந்தி நிற்கிறது. முல்லைக்கு, கொங்கு நாட்டு மேட்டுநிலத்தில் ஆடு மேய்க்கும் சிறுவர்களின் உலகமாகிய பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’. மருதத்துக்கு, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிகள் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமையைப் பின்புலமாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’. வயலும் வாய்க்காலும் என்ற இனிய சித்திரத்துக்கு அடியில் கூலிக்காகவும் மானத்துக்காகவும் நடந்த போராட்டத்தை அது முன்னே கொண்டுவருவதால், இந்த இடத்துக்கு அதை விட்டுவிட எங்களுக்கு மனம் வராது. நெய்தலுக்கு நூல்கள் நிறையவே உண்டு: தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’, தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’, ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’. இம்மூன்றையும் மூன்று அடுத்தடுத்த மாதங்களில் படித்தால், ஒரே கடற்கரையில் உப்பளத்துக்கும் பள்ளிவாசல் தெருவுக்கும் மீனவர் குடியிருப்புக்கும் எவ்வளவு தொலைவு என்பது தெரியவரும்.

பாலைக்கு உரிய பொருள் பிரிவு என்பதால், அங்கே புலம்பெயர்வை வைக்கலாம். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சுமத்ராவின் மேடானிலும் மலாயாவின் பினாங்கிலும் நடப்பது. வட்டிக்கடை வேலைக்காக வந்த தமிழ் இளைஞர்கள் போருக்கு நடுவே சிக்கிக்கொள்வதைச் சொல்வது. இதைப் படிக்கும் மாதத்தில், சுமத்ராவையும் மலாக்கா நீரிணையையும் காட்டும் வரைபடம் ஒன்றைக் குழுவில் முதல் நாளே பதிந்துவிடுங்கள். தொங்கான் என்னும் பாய்மரக் கலத்தில் புயலைக் கடக்கும் பகுதி வரும்போது எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று தெரிந்திருப்பது வாசிப்பையே மாற்றிவிடும். மலேசியாவில் வாழும் உறுப்பினர்கள் இருந்தால் இந்த மாதத்தை அவர்களே வழிநடத்தட்டும்.

கரிசலுக்கு ஐந்திணையில் தனிப்பெயர் இல்லை என்பதற்காக அதை விட்டுவிடக் கூடாது; ‘கோபல்ல கிராமம்’ எப்படியும் பட்டியலுக்குள் வந்துவிட வேண்டிய நூல். ஈழத்து உறுப்பினர்கள் உள்ள குழு, யாழ்ப்பாணத்துச் சாதி ஒடுக்குமுறையை எழுதிய கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலையும் சேர்த்துக்கொண்டால், நிலம் என்ற பொதுத் தலைப்பு தமிழ்நாட்டு எல்லையோடு நின்றுவிடாது.

வட்டார வழக்கில் எழுதப்பட்ட நூல்கள் புதிய வாசகர்களை விலக்கிவிடாதா?

முதல் முப்பது பக்கங்களில் விலக்கக்கூடும். அதைக் கடந்துவிட்டால் அந்த மொழியே அவர்களைப் பிடித்து இழுத்துச் செல்லும். ஆகவே அந்த முப்பது பக்கங்களுக்கு மட்டும் உதவி தேவை. அந்த வட்டாரத்தைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவரை, முதல் அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்து ஒலிப்பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். கண்ணுக்கு முரடாகத் தெரிந்த வாக்கியம் காதில் விழுந்ததும் பழகிய பேச்சாகிவிடுவதைக் காணலாம். கூடவே, ஐயமுள்ள சொற்களை உறுப்பினர்கள் பதிந்துவர, தெரிந்தவர்கள் பொருள் எழுதும் பொதுப் பட்டியல் ஒன்றையும் தொடங்கலாம். கரிசல் நூல்களுக்கு, கி. ராஜநாராயணனே தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி இருக்கிறது.

நூல்களை வாக்கெடுப்பில் தேர்ந்தெடுப்பதா, ஒருங்கிணைப்பாளரே முடிவு செய்வதா?

முழுமையான வாக்கெடுப்பில் எல்லாரும் முன்பே கேள்விப்பட்ட நூல்களே வெல்லும். எவரும் அறியாத நல்ல நூலுக்கு அங்கே இடமே கிடைக்காது. ஒருங்கிணைப்பாளரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டால் பட்டியல் ஒருவருடைய ரசனையாகச் சுருங்கிவிடும். எனவே பாதி மாதங்களை வாக்கெடுப்புக்கும் மீதியை ஒருங்கிணைப்பாளர் இருவர் மூவர் கூடி முடிவு செய்வதற்கும் ஒதுக்குவதைப் பரிந்துரைக்கிறோம். வாக்கெடுப்புக்கு வரும் நூலைப் பரிந்துரைப்பவர் இரண்டு பொறுப்புகளை ஏற்க வேண்டும்: நூலைப் பற்றி நான்கைந்து வரியில் எழுதித் தர வேண்டும்; அது தேர்வானால் அந்த மாதத்தை வழிநடத்த வேண்டும். இந்த ஒரு விதியை வைத்தாலே, போகிற போக்கில் சொல்லப்படும் பெயர்கள் குறைந்து, உண்மையான விருப்பத்தோடு வரும் பரிந்துரைகள் மட்டும் நிற்கும்.

நூல் கிடைக்காதவர்களுக்காகக் குழுவில் பிடிஎஃப் பகிரலாமா?

பதிப்புரிமை உள்ள நூல் என்றால் கூடாது. இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்தே இல்லை. தமிழில் ஒரு நாவல் ஆயிரம் படிகள் விற்பதே பெரிய செய்தியாக இருக்கும் சூழலில், எழுத்தாளருக்கும் சிறு பதிப்பகத்துக்கும் போய்ச்சேர வேண்டிய தொகையை, அந்த எழுத்தை விரும்பிப் படிக்கிற குழுவே தடுத்துவிடக் கூடாது.

இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். இலங்கையில் அது 70 ஆண்டுகள். 1982இல் மறைந்த தி. ஜானகிராமனின் எழுத்துகளுக்கு இந்தியாவில் 2042 முடியும்வரை உரிமை உண்டு. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் கதைகள் பொதுவுடைமை. தமிழக அரசு மரபுரிமையர்களுக்குப் பரிவுத்தொகை வழங்கி நாட்டுடைமையாக்கிய நூல்கள், அந்தக் காலக்கெடுவுக்கு முன்பேகூடப் பொதுவுக்கு வந்திருக்கும். ஆனால் கவனம்: புதுமைப்பித்தன் கதைகள் பொதுவுடைமை என்றாலும், அவற்றுக்கு ஒரு பதிப்பாசிரியர் இன்று எழுதிய முன்னுரையும் குறிப்புகளும் அவருக்கே உரியவை. அதேபோல் மொழிபெயர்ப்பில், மூல நூல் எவ்வளவு பழையதாக இருந்தாலும் மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனியாக நிற்கும்.

பகிரத் தடையில்லாத நூல்களுக்கு 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ தளமும் இருக்கின்றன. கோப்பைப் பகிர்வதைவிட அங்கே போகும் இணைப்பைக் கொடுப்பதே நல்லது. காசு கொடுத்து வாங்க இயலாத உறுப்பினருக்கு அருகிலுள்ள பொது நூலகக் கிளையைக் காட்டுங்கள். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் உள்ளே அமர்ந்து படிக்க நல்ல இடங்கள். குழுவுக்குள்ளேயே ஒரு படியை ஒருவர் படித்துவிட்டு அடுத்தவருக்கு அஞ்சலில் அனுப்பும் சுற்றையும் ஏற்படுத்தலாம்.

சிறுகதையையும் கவிதையையும் எப்படிச் சேர்ப்பது?

சிறுகதைத் தொகுப்பு முழுவதையும் மாத நூலாக வைக்காதீர்கள். இருபது கதைகளைப் படித்துவிட்டு வருகிறவர்களிடம் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கதை நினைவில் நிற்கும். பேச்சு எங்கும் ஊன்றாது. நான்கு கதைகளைக் குறிப்பிட்டு, வாரத்துக்கு ஒன்றாகப் பேசுங்கள். மற்றக் கதைகள் அவரவர் விருப்பம்.

கவிதைக்குக் குறுந்தொகையைப் போல் கைகொடுக்கும் நூல் வேறில்லை. நான்கு முதல் எட்டு அடிக்குள் முடியும் பாடல்கள். வாரத்துக்கு ஒன்று, திங்கட்கிழமை காலையில் மூலமும் எளிய உரையுமாகப் பதிந்துவிட்டால், நாவல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது இன்னொரு பக்கம் தன்போக்கில் நடந்துவரும். நிலத்தை அச்சாகக் கொண்ட ஆண்டில், அந்தந்த மாத நாவலின் திணைக்குரிய பாடலையே எடுக்கலாம்.

மொழிபெயர்ப்பு நூல்களுக்கு எவ்வளவு இடம் தரலாம்?

ஆண்டுக்கு இரண்டு. தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் ‘ஆரோக்கிய நிகேதனம்’, அதீன் பந்த்யோபாத்யாயவின் ‘நீலகண்ட பறவையைத் தேடி’ போன்ற வங்க நாவல்கள் தமிழ் வாசகர்களிடையே தமிழ் நாவல்களாகவே வாழ்ந்துவருகின்றன. பட்டியலில் மொழிபெயர்ப்பாளரின் பெயரைத் தவறாமல் குறிப்பிடுங்கள்: முன்னதைத் தமிழாக்கியவர் த. நா. குமாரசாமி, பின்னதைத் தமிழாக்கியவர் சு. கிருஷ்ணமூர்த்தி. இத்தகைய நூல்கள் அச்சில் இல்லாமல் போவதும் திரும்ப வருவதும் வழக்கம் என்பதால், அறிவிக்கும் முன் விற்பனையாளரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மனத்தை வருத்தும் உள்ளடக்கம் உள்ள நூல்களைத் தவிர்க்க வேண்டுமா?

தவிர்த்தால் தமிழின் முக்கியமான நாவல்களில் பெரும்பகுதியைத் தவிர்க்க வேண்டியிருக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் வழி. பட்டியலில் நூலின் பெயருக்குக் கீழே, சாதி வன்முறை, பாலியல் வன்முறை, குழந்தையின் சாவு போன்றவை வருகின்றன என்று ஒரு வரி எழுதினால் போதும். கதை எதுவும் வெளிப்பட்டுவிடாது. அந்த மாதத்தை ஒதுக்கிவிட விரும்புகிறவரிடம் காரணம் கேட்கக் கூடாது.

நூலாசிரியரைக் கூட்டத்துக்கு அழைக்கலாமா?

அழைக்கலாம். ஆனால் உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசி முடித்த பிறகு, தனிக் கூட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் இருக்கும்போது நூலின் குறைகளை எவரும் வாய்திறந்து சொல்வதில்லை.

இடையில் பட்டியலை மாற்றலாமா?

நூல் அச்சில் தீர்ந்துவிட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்காகவே, எங்கும் எப்போதும் கிடைக்கும் இரண்டு நூல்களை ஆண்டின் தொடக்கத்திலேயே மாற்று நூல்களாக அறிவித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சிறியதாகவும் மற்றொன்று பொதுவுடைமையாகவும் இருப்பது வசதி. பலருக்குப் பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் மாத நடுவில் நூலை மாற்ற வேண்டாம். ஏற்கெனவே வாங்கிப் படிக்கத் தொடங்கியவர்கள் இருப்பார்கள். பிடிக்காதவர்கள் எந்தப் பக்கத்தில் நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்பதையும் மாத இறுதிக் கூட்டத்தில் வந்து சொல்லட்டும். மாற்றத்தால் இடம் இழந்த நூலை, மறுபதிப்பு வந்துவிட்டதா என்று பார்த்து, அடுத்த ஆண்டு வாக்கெடுப்பில் முதல் பெயராகச் சேர்த்துவிடலாம்.